பிட்ஸ்பர்க்கில் ஒரு திண்ணை

பைத்தான் என்றால் மலைப்பாம்பு என்று நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள். பரவாயில்லை, இறக்கிவிடலாம். கம்ப்யூட்டர்காரர்களுக்கு அது ஒரு மொழி. நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ரோஸம் 1991-ல் வெளியிட்டது. பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ‘மான்ட்டி பைத்தான்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் கோஷ்டி மேல் அவருக்கு இருந்த பிரியத்தில் வைத்த பெயர். நம்ம ஊரில் ஒருத்தர் மென்பொருள் எழுதி அதற்குக் ‘கவுண்டமணி’ என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி!

இந்த மொழியில் எழுதுகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை அமெரிக்காவில் கூடுகிறார்கள். ‘பைகான்’ என்று பெயர். 2003-ல் வாஷிங்டனில் சின்னதாக ஆரம்பித்து, இப்போது ஊர் ஊராகப் போகிறது. 2024, 2025 இரண்டு வருஷமும் பிட்ஸ்பர்க் முறை. 2024 மே மாதம் நடந்ததற்கு நானும் போயிருந்தேன்.

நான் பி.காம்., அதுவும் விருதுநகர் பி.காம். டெபிட், கிரெடிட், ஐந்தொகை தாண்டி எதுவும் தெரியாது. எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், அக்கா. நியூஜெர்ஸியில் பதினாலு வருஷமாக இருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனவனை, “சும்மா வீட்ல உட்கார்ந்து டி.வி. பார்க்கறதுக்கு என்கூட வாடா, ரெண்டு கை உதவியா இருக்கும்” என்று டிக்கெட் எடுத்து, காரில் ஏற்றிவிட்டாள். மாமா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, சந்தேகத்துக்கு இடமான சந்தோஷத்தோடு டாட்டா காட்டினார்.

ஆறு மணி நேரம் கார். பென்சில்வேனியாவின் டோல் சாலை மலையைக் குடைந்து குடைந்து போகிறது. பிட்ஸ்பர்க் நெருங்கும்போது அக்கா திடீரென்று ஒரு பக்கம் வண்டியை ஒடித்தாள். பென் ஹில்ஸ் என்ற புறநகரில், மரங்களுக்கு நடுவே, மேட்டின் மேல் வெள்ளைவெளேர் என்று ஒரு கோபுரம்! 1970-களில் கட்டிய வேங்கடேஸ்வரர் கோயில். அமெரிக்காவில் எழுந்த முதல் இந்துக் கோயில்களில் ஒன்று, திருப்பதி தேவஸ்தானம் கைகொடுத்துக் கட்டியது. அந்தக் காலத்தில் எத்தனையோ ஊர்களிலிருந்து ராத்திரியெல்லாம் கார் ஓட்டிக்கொண்டு இங்கே வருவார்களாம். தரிசனம் முடிந்து கீழே கான்டீனில் புளியோதரை வாங்கினோம். நாலு பொட்டலம் கட்டச் சொன்னாள் அக்கா. “மூணு நாளைக்கா?” என்றேன். “கூட்டத்துக்கு ஆள் வரலேன்னா நாமளே சாப்பிடலாம்” என்றாள். முதல் தடவையாக அவள் குரலில் பயம் கேட்டது.

அவள் சொன்ன ‘கூட்டம்’ எது என்று விளக்க வேண்டும். இந்த மாதிரி மாநாடுகளில் மேடைப் பேச்சுகள் உண்டு. அதற்கு முந்தின டிசம்பரிலேயே மனுப் போட வேண்டும். நூற்றுக்கணக்கில் மனுக்கள் குவியும், அதில் சிலதைத்தான் பொறுக்குவார்கள். தேர்வானவர்களுக்கு மைக், விளக்கு, வீடியோ எல்லாம் உண்டு. அக்கா அதற்கு மனுவே போடவில்லை. அவளுக்கு வேண்டியது ‘ஓப்பன் ஸ்பேஸ்’. தமிழில் சொன்னால் திண்ணை.

இந்தத் திண்ணைக்கு ஒரு கதை இருக்கிறது. ஹாரிசன் ஓவன் என்று ஒரு அமெரிக்கர், பாதிரியாராக இருந்தவர். 1980-களின் தொடக்கத்தில் ஒரு பெரிய மாநாட்டை ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஏற்பாடு செய்தார். முடிந்ததும் வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று விசாரித்தால், எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் “காபி இடைவேளை பிரமாதம்!” என்றார்களாம். நம்ம ஊர் கல்யாண கான்ட்ராக்டராக இருந்தால் அன்றோடு தொழிலை விட்டிருப்பார். இவர், சரி, அப்படியானால் முழு மாநாட்டையும் காபி இடைவேளையாகவே நடத்தினால் என்ன என்று யோசித்தார். முன்பு லைபீரியாவில் ஒரு கிராமத்தில் ஜனங்கள் வட்டமாகக் கூடி நாள்கணக்கில் விழா நடத்தியதைப் பார்த்தவர். அதையும் இதையும் சேர்த்து, 1985-ல் கலிபோர்னியாவின் மான்ட்டரேயில் நடத்திக் காட்டினார். நிகழ்ச்சி நிரல் கிடையாது, வெற்றுச் சுவர்தான். பேச விஷயம் இருப்பவர் எழுதி ஒட்ட வேண்டியது. இஷ்டப்பட்டவர்கள் வருவார்கள். வந்தவர்கள் போதும், வராதவர்களை நினைத்து வருத்தப்படக் கூடாது. பிரயோசனமில்லை என்று பட்டால் எழுந்து அடுத்த வட்டத்துக்கு நடந்துவிடலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது. இந்தக் கடைசி விதியை நம்ம பட்டிமன்றங்களுக்கும் அமல்படுத்தினால் நாட்டுக்கு நல்லது என்பது என் கட்சி.

கம்ப்யூட்டர் மாநாடுகளில் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தன் உண்டு. ‘பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்’. சுருக்கமாக ‘பாஃப்’. இனம் இனத்தோடு சேரும் என்கிறோமே, அதே சமாசாரம். ஒரே தலைவலி உள்ளவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, யாரிடம் என்ன மாத்திரை இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது.

சரி, அக்காவுக்கு என்ன தலைவலி?

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். ஒவ்வொரு பேங்கும் ஒவ்வொரு தினுசில் ஸ்டேட்மென்ட் அனுப்புகிறது இல்லையா, அதையெல்லாம் ஒரே மாதிரி அட்டவணையாக மாற்றித் தரும். தனக்காக எழுதியதை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்தாள். ‘பைபிஐ’ என்று இவர்களுக்கு ஒரு பொதுக் கிடங்கு இருக்கிறது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சரக்குகள், எல்லாம் இலவசம். அங்கே போய் உட்கார்ந்தது அக்காவின் சரக்கும். அப்புறம் ஆரம்பித்தது கூத்து. முகம் தெரியாத யார் யாரோ எடுத்துப் பயன்படுத்தினார்கள். சின்னச் சின்ன கம்பெனிகள், தர்ம ஸ்தாபனங்கள், ஒரு நூலகத்தின் கணக்குப் பிரிவு. ஒரு பேங்க் தன் ஸ்டேட்மென்ட்டில் ஒரு கட்டத்தை இடம் மாற்றினால் போதும், அக்காவுக்குப் பத்துக் கடிதம் வரும். அதில் எட்டு, “உடனே சரிசெய்யவும்”. சம்பளம் கொடுக்கும் முதலாளிகூட அப்படி எழுதமாட்டான்.

ஆபீஸ் முடிந்து, சமையல் முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு ராத்திரி பதினொன்றுக்கு உட்கார்ந்து சரிசெய்வாள். எட்டு வருஷம்! மணிக்கட்டு வலி வந்து பட்டை கட்டிக்கொண்டும் செய்திருக்கிறாள். “இனிமே முடியலடா” என்று சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். “ஆனா போட்டுட்டுப் போகவும் முடியல. யார்கிட்ட கொடுக்கறது?”

பி.காம். மூளை உடனே வேலை செய்தது. சோல் புரொப்ரைட்டர். வாரிசு இல்லை, பார்ட்னர் இல்லை, குட்வில் மட்டும் உண்டு. “கேக்கற முதல் ஆள்கிட்ட சாவியைக் கொடுத்துட்டு வா” என்றேன். அக்கா காரை ஓரம் கட்டாத குறைதான். அப்போதுதான் அந்த எக்ஸ்.இஸட். கதையைச் சொன்னாள்.

அதே 2024 மார்ச் 29-ம் தேதி வெளியே வந்த விஷயம். எக்ஸ்.இஸட். என்பது ஃபைல்களைச் சுருக்குகிற ஒரு இலவச மென்பொருள், உலகத்தில் எத்தனையோ சர்வர்களுக்குள் இருப்பது. ஃபின்லாந்துக்காரர் ஒருவர் தனியாளாக வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். களைத்துப் போயிருந்தார். 2021 வாக்கில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒரு ஆசாமி உதவிக்கு வந்தார். நல்ல வேலை, பணிவான பேச்சு. இன்னொரு பக்கம், யார் என்றே தெரியாத சில பேர், “ஏன் இவ்வளவு தாமதம்? வேறு ஆளிடம் கொடுக்கக் கூடாதா?” என்று அந்த மனுஷரை நச்சரித்தார்கள். கடைசியில் ஜியா டான் கைக்கும் சாவி வந்தது. 2024 தொடக்கத்தில் வந்த பதிப்புகளில், சர்வர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு கொல்லைப்புறக் கதவை ஒளித்துவைத்துவிட்டார் அந்தப் புண்ணியவான்! ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற எஞ்சினீயர் வேறு ஏதோ வேலையாக இருந்தபோது, லாகின் ஆவதற்கு அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதால் பிடிபட்டது. அரை விநாடி, ஐயா! நாமாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வந்திருப்போம்.

“என் புரோகிராமுக்குள்ள ஓடறது ஜனங்களோட பேங்க் கணக்குடா” என்றாள் அக்கா. அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை.

ஸ்குவிரல் ஹில் குகைப்பாதைக்குள் நுழைந்து வெளியே வந்து கொஞ்ச தூரத்தில் நதியும் ஊரும் வந்தது. பிட்ஸ்பர்க் ஒரு காலத்தில் இரும்பு ஊர். ஆண்ட்ரூ கார்னகி கோடீஸ்வரர் ஆன ஊர். 1940-களில் புகை மண்டி, நடுப்பகலில் தெருவிளக்கு போட்டிருக்கிறார்கள். அந்தப் புகையைக் கட்டுப்படுத்த முனைந்த மேயர் டேவிட் லாரன்ஸ். அவர் பெயரில்தான் மாநாட்டு மண்டபம். 2009-ல் ஜி-20 தலைவர்கள் எல்லாம் வந்து கூடியது இங்கேதான். அலகெனி நதிக்கரையில், மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்ட எட்டு முழ வேட்டி மாதிரி வளைந்து தொங்கும் கூரை. எதிரே மஞ்சள் பாலங்கள். அதில் மூன்று ஒரே அச்சு, ‘மூன்று சகோதரிகள்’ என்றே பெயர். பேஸ்பால் வீரர் கிளெமென்ட்டே, ஓவியர் வார்ஹால், பூச்சிமருந்து அபாயத்தை எழுதிய ரேச்சல் கார்சன் ஆகியோர் பெயரை ஆளுக்கொன்றாக வைத்திருக்கிறார்கள். ஒரு அரசியல்வாதிகூட இல்லை!

உள்ளே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனம். கழுத்தில் அட்டை, முதுகில் பை. மத்தியில் ஒரு பலகை. மேலே அறை எண்கள், பக்கவாட்டில் மணி, நடுவில் கட்டங்கள். பத்தாம் வகுப்பு டைம்டேபிள்தான். பக்கத்தில் அட்டைகளும் மார்க்கர் பேனாவும். எழுதி ஒட்டினால் அந்த அறை அந்த ஒரு மணி நேரத்துக்கு உங்களுடையது. யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம், சிபாரிசுக் கடிதம் வேண்டாம். ஒட்டியிருந்ததையெல்லாம் படித்துப் பார்த்தேன். பெரிய பெரிய தொழில்நுட்பத் தலைப்புகளுக்கு நடுவில் பந்து சுழற்றி விளையாடுவது, பின்னல் வேலை, சீட்டாட்டம், “முதல் தடவை வந்திருப்பவர்கள் சேர்ந்து சாப்பிடப் போகலாமா?”. கடைசியில் சொன்னதற்குத்தான் ரொம்பப் பேர் பெயர் எழுதியிருந்தார்கள். கூட்டத்தில் தனியாகச் சாப்பிடுவதுபோல் கொடுமை உண்டா?

அக்கா ஒரு அட்டையை எடுத்து ‘சிறு நிரல்களின் பராமரிப்புத் தொடர்ச்சி: சில அணுகுமுறைகள்’ என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் எழுதினாள். “அக்கா, இது எம்.ஃபில். தீசிஸ் தலைப்பு. ஒருத்தன் வரமாட்டான்” என்றேன். “நீ எழுது பார்ப்போம்” என்று பேனாவைக் கொடுத்தாள். அவள் காரில் சொன்னதை அப்படியே எழுதினேன். ‘எட்டு வருஷமாகத் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். முடியவில்லை. யாரிடம் கொடுப்பது?’ அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு ஊசியைக் குத்தினாள். சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி.

மணி தேர்ந்தெடுப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. காலையில் எல்லாரும் பெரிய பேச்சுக்குப் போய்விடுவார்கள். சாப்பாட்டுக்குப் பிந்தின மணி கொட்டாவி மணி. பிரபலமான ஒருத்தர் எதிர் அறையில் இருந்தால் நம் கதை கந்தல். மூன்று மணிக்குக் காலும் காதும் களைத்து, எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்று ஜனம் அலைகிற நேரம். இது எங்கள் விருதுநகர் கமிஷன் மண்டிக்காரர்கள் கண்டுபிடித்த சூத்திரம்தான். விலை பேசுகிறவன் எதிராளி களைத்த நேரம் பார்த்து ஆரம்பிப்பான்.

நடுவில் ஒரு மத்தியானம் ஸ்ட்ரிப் டிஸ்ட்ரிக்ட் என்ற பழைய மார்க்கெட் பேட்டைக்கு நடந்தோம். பிரைமான்ட்டி என்று 1933-லிருந்து ஒரு கடை. சாண்ட்விச்சுக்கு உள்ளேயே உருளைக்கிழங்கு வறுவலையும் முட்டைக்கோஸ் பச்சடியையும் திணித்துத் தருகிறார்கள். இலையில் இருக்கிற பொரியல், கூட்டு, அப்பளம் எல்லாவற்றையும் சாதத்துக்குள் புதைத்து உருட்டி வாயில் போடுகிற ஆசாமியைப் பந்தியில் பார்த்திருப்பீர்கள். அவருக்குக் கடை வைத்துக் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

சனிக்கிழமை இரண்டே முக்காலுக்கே அறையில் ஆஜர். நாற்காலிகள் பள்ளிக்கூட வரிசையில் இருந்தன. “வட்டமாப் போடுடா, ஒண்ணு காலியா இருக்கட்டும்” என்றாள். இங்கே ‘பேக்மேன் விதி’ என்று ஒன்று சொல்கிறார்கள். எரிக் ஹோல்ஷர் என்பவர் சொல்லிப் பரப்பியது. நாலு பேர் வட்டமாக நின்று பேசினால், ஐந்தாவது ஆள் நுழைய ஒரு இடம் விட்டு நிற்க வேண்டும். பழைய வீடியோ கேமில் வாயைத் திறந்துகொண்டே போகுமே ஒரு மஞ்சள் உருண்டை, அந்த வடிவம். பார்க்க அற்பம். ஆனால் தெரியாத ஊரில், தெரியாத கூட்டத்தில், முதுகுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்குத்தான் அந்தச் சந்தின் அருமை தெரியும்.

மூன்று மணி. நானும் அக்காவும் புளியோதரையும். மூன்று ஐந்து. அக்கா மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். கதவுக்கு வெளியே ஒரு முகம் எட்டிப் பார்த்தது. “யாரிடம் கொடுப்பது, அதுதானே இது?” ஒரு வெள்ளைக்காரப் பெரியம்மா, அறுபது வயது இருக்கும். அடுத்து தாடி வைத்த பையன். பிறகு இரண்டு பேர், மூன்று பேர். மூன்றேகாலுக்குப் பதினேழு பேர். நான் ஓடிப்போய் அடுத்த அறையில் நாற்காலி இரவல் வாங்கி வந்தேன். பி.காம். படிப்பு பயன்பட்ட இடம்!

அக்கா மொத்தமாக இரண்டு நிமிஷம்தான் பேசினாள். பிறகு, “உங்களில் எத்தனை பேர் இப்படித் தனியாக ஏதாவது பார்த்துக்கொள்கிறீர்கள்?” என்று கேட்டாள். பதினொரு கை உயர்ந்தது. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அக்காவுக்கு வேலையே இல்லை. ஒருவர் கல்யாணத்தன்றுகூட ஒரு பிழையைச் சரிசெய்தாராம் (அந்தக் கல்யாணம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை). இன்னொருவர் மெயில் பெட்டியைத் திறந்து ஆறு மாசமாச்சு என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

எந்தத் திண்ணையிலும் ஒரு தொணதொணப்புத் தாத்தா இருப்பார் அல்லவா? இங்கேயும் ஒருத்தர். எல்லாவற்றுக்கும் தன் கம்பெனியில் எப்படிச் செய்தார்கள் என்று ஆரம்பித்துவிடுவார். மூன்றாம் தடவை அந்தப் பெரியம்மா, “நீங்கள் சொன்னதை எழுதிக்கொண்டேன். இன்னும் வாயே திறக்காதவர்களைக் கேட்போமா?” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஆசாமி அடங்கினார், கோபமும் இல்லை. அந்த வாக்கியத்தை நான் அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன். எங்கள் குடும்பக் கூட்டங்களுக்குத் தேவைப்படும்.

நடுவில் ஒரு இளைஞர் எழுந்து, “எதற்கு இத்தனை பேச்சு? நான் எடுத்துக்கொள்கிறேன். இன்று ராத்திரியே மாற்றிக் கொடுங்கள்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அறை கப்சிப். மார்ச் மாசம் நடந்தது எல்லார் மனசிலும் ஓடியது முகத்திலேயே தெரிந்தது. பாவம், அவருக்கும் அது புரிந்து காது சிவந்துவிட்டது. அக்காதான், “உட்காருங்க தம்பி, முதல்ல புளியோதரை சாப்பிடுங்க” என்கிற தோரணையில் ஒரு தட்டை நீட்டினாள். இங்கிலீஷில்தான் சொன்னாள், தோரணை மட்டும் சுத்தமான விருதுநகர்.

அப்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “எங்கள் ஊரில் பேங்க் செக்கில் இரண்டு கையெழுத்து வைப்போம். ஒருத்தர் ஓடிப்போனாலும் பணம் போகாது. உங்களிடம் அப்படி இல்லையா?” என்றேன். பதினேழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இருக்கிறதாம்! அந்தப் பொதுக் கிடங்கில் ‘உரிமையாளர்’, ‘பராமரிப்பவர்’ என்று இரண்டு பதவிகள். பராமரிப்பவர் புதுப் பதிப்பை ஏற்றலாம். வேறு ஆளைச் சேர்க்கவோ, முழுசாக அழிக்கவோ முடியாது. ஒருவர் தயார் செய்ய, இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வெளியே போகும்படியும் அமைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரம் அதையே பேசினார்கள். எனக்கு எட்டில் ஒரு பங்குதான் புரிந்தது.

நாலு மணிக்கு அடுத்த கோஷ்டி வாசலில் நின்றது, பின்னல் ஊசிகளோடு. ஒரு தாளில் பெயர் எழுதச் சொன்னாள் அக்கா. ஒன்பது பேர் எழுதினார்கள். அந்தப் பெரியம்மா யார் தெரியுமா? ஒரு நூலகத்தின் கணக்குப் பிரிவுக்காரர், ஆறு வருஷமாக அக்காவின் புரோகிராமைப் பயன்படுத்துகிறவர். “‘உடனே சரிசெய்யவும்’ என்று எழுதியவர்களில் நானும் ஒருத்தி” என்று அக்காவின் பட்டை கட்டிய கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா ஒன்றும் சொல்லாமல் அந்தக் கையை விடாமல் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டுகேன் இன்க்லைன் ஏறினோம். 1877-லிருந்து ஓடுகிற இழுவை ரயில். அச்சு அசல் நம்ம பழனி விஞ்ச்தான், உச்சியில் முருகன் மட்டும் இல்லை. மேலே நின்று பார்த்தால் இரண்டு நதிகள் சேர்ந்து ஒஹையோ நதியாகிற முனை தெரிகிறது. அக்கா நதியைப் பார்க்கவில்லை. அந்தத் தாளில் இருந்த ஒன்பது பெயர்களை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் சாவி இப்போது கிடையாது, முதலில் மூன்று மாசம் சின்னச் சின்ன வேலை, வாரம் ஒருமுறை முகம் பார்த்துப் பேச்சு என்று கணக்குப் போட்டாள்.

ஒன்பது பேரில் ஏழு பேர் காணாமல் போனார்கள். அது எந்தச் சங்கத்திலும் உள்ளதுதான். மிஞ்சியது இரண்டு பேர். பெரியம்மாவும், காது சிவந்த அந்த இளைஞரும்! டிசம்பரில் ஒரு நாள் அக்காவிடமிருந்து போன். நியூஜெர்ஸியில் அப்போது காலை ஏழு மணி.

“டேய், ராத்திரி புதுப் பதிப்பு வெளியாயிடுச்சு. அந்தப் பையன் எழுதி, அந்தம்மா சரிபார்த்து அனுப்பியிருக்காங்க.”

“நீ என்ன பண்ணினே?”

“நான் தூங்கிட்டு இருந்தேன்டா!” என்றாள், லாட்டரியில் பரிசு விழுந்தவள் மாதிரி.